கல்லுக்கொரு கை

சோளகக் காத்து எழும்பினாத்தான் ஏழைக்கு வீடு கட்டலாம். கல்பிட்டிக் கரையில அப்பிடியொரு சட்டம் இருந்திச்சு. அரசாங்கம் போட்ட சட்டமில்ல, அல்லாஹ் போட்ட சட்டமும் இல்ல. "கல்லுக்கொரு கை" எண்ட சர்வதேசத் தொண்டர் நிறுவனம் போட்ட சட்டம். காரணம் லேசானது. வெளிநாட்டுல இருந்து வாற தொண்டர்மார் காலையில ஏழைக்கு வீடு கட்டுவாங்க. பின்நேரம் பெரிய பட்டமொண்ட இடுப்போட கட்டிக்கொண்டு கடல ஒட்டின களப்புத் தண்ணியில சறுக்கி விளையாடுவாங்க. காத்தில்லாட்டிப் பட்டமில்ல, பட்டமில்லாட்டித் தொண்டுமில்ல.

யுத்தம் முடிஞ்ச கையோட வீடு கட்டுற நிறுவனமெல்லாம் வடக்குக்குத்தான் ஓடிச்சுதுகள். இவங்களும் ஓடத்தான் வெளிக்கிட்டாங்க. நடுவுல கல்பிட்டிப் பக்கம் சாப்பிட இறங்கினாங்க. கடலப் பாத்தாங்க, காத்தப் பாத்தாங்க, இங்கயும் ஏழைகள் இருக்கிறாங்களா எண்டு விசாரிச்சாங்க. தாராளமா இருக்கிறாங்க எண்டு கேள்விப்பட்டதும் அவங்களுக்கு வந்த சந்தோசத்தச் சொல்லி முடியாது. பெட்டிய அங்கயே இறக்கிட்டாங்க.

அப்பிடிக் கிடைச்ச ஏழைதான் சரீப். நுரைச்சோலைக் கரண்ட் ஸ்டேசன் புகைக்கூட்டுக்கு இந்தப் பக்கம், களப்போரமா ஒரு துண்டுக் காணி, அதுல தென்னோலை பின்னின கிடுகால ஒரு குடில், ஒரு சின்னத் தோணி, ஒரு பொஞ்சாதி. வாய் கமறியாவுக்கு, பொறுமை சரீப்புக்கு எண்டு கலியாணத்தண்டே பங்கு பிரிச்சுக்கொண்டவங்க. ஒரே மகள் மபாஸாவத் தில்லையடியில கட்டிக் குடுத்திருந்தாங்க. அவள் இப்ப தலைப்புள்ள உண்டாகியிருந்தாள். தலைப்பேறு தாய் வீட்டுலதான். பெத்து நாப்பது நாள் கழிஞ்ச பொறகுதான் புருசன் வீட்டுக்கு அனுப்புறது. அத விட்டுக் குடுக்கிற தாய் இந்தக் கரையில இன்னும் பொறக்கல்ல. ஆனா மபாஸாட மாமி றஹ்மத் உம்மா முதலே சொல்லிட்டா: "ஒழுகுற குடிலுக்குள்ள எண்ட பேரப்புள்ளய வெக்க நான் விடமாட்டன், மச்சி. ஒழுங்கான எடம் இருந்தாக் கூட்டிக்கொண்டு போங்க. இல்லாட்டி நானே பேறு பாக்கிறன்."

கமறியா அண்டைக்குச் சோறு தின்னல்ல. மாரி மழைக்கு முந்திப் புள்ள பொறக்கும் எண்டு டொக்டர் சொல்லியிருந்தாரு. அந்த நேரம் பாத்து, வீடு கட்டித் தாறம் எண்டு ஆக்கள் வாசல்ல வந்து நிண்டா யாருதான் வேணாமெண்டு சொல்லுவாங்க? சரீப் கேள்வி கேக்காம ஓமெண்டுட்டான்.

திட்ட இணைப்பாளர் எண்டு வந்தவன் அனுஷன், முன்னேஸ்வரத்துப் பொடியன். நல்ல பொடியன்தான், கழுத்துல நிறுவனத்தின்ட அடையாள மட்டை தொங்குறதுக்கு முந்தி. மட்டை தொங்கின நாளையிலிருந்து அவனுக்கொரு புதுத் தமிழ் வந்திட்டுது.

"நானா, முதலில் உங்கள் குடிலை அகற்ற வேண்டும்" எண்டான், சரீப்ப அண்ணன் முறை வெச்சு. "நிலம் வெறுமையாக இருந்தால்தான் அதில் நம்பிக்கை முளைக்கும்."

சரீப் குடிலப் பிரிச்சான். பெட்டி, சட்டி, பாய் எல்லாத்தையும் கடக்கரையில வலை வெக்கிற வாடிக்குள்ள கொண்டுபோய்ப் போட்டாங்க. மறுநாள் படம் எடுக்கிறவர் கமெராவத் தூக்கிக்கொண்டு வந்தாரு. வந்து, குடில் எங்க எண்டு கேட்டாரு. வீடு கட்டுறதுக்கு முந்தின படம் ஒண்டும் பிந்தின படம் ஒண்டும் வேணுமாம், முந்தினது இல்லாட்டிப் பிந்தினத ஆரும் நம்பமாட்டாங்களாம். சரி, சரீப் குடிலத் திரும்பக் கட்டினான். பழைய கிடுகு உக்கிப் போயிருந்ததால புதுக் கிடுகு போட்டான். படம் எடுக்கிறவர் சுத்திச் சுத்திப் பாத்திட்டு முகத்தச் சுளிச்சாரு.

"இது மிகவும் கண்ணியமாகத் தெரிகிறதே" எண்டு அனுஷன் அவருக்காகச் சொன்னான். "நானா, கொஞ்சம் பிச்சு விடுங்க."

"அப்ப என்னயும் கொஞ்சம் பிச்சு விடவா?" எண்டு கமறியா கேட்டா. அவங்க அதையும் யோசிச்சுத்தான் பாத்தாங்க. படம் எடுத்து முடிஞ்சதும் குடில மறுபடி பிரிச்சாச்சு.

முதல் கோஷ்டி பஸ்ஸால இறங்கிச்சு. எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை, நெஞ்சுல ஒரு கை, அந்தக் கையில ஒரு கல். வேலைக்கு முந்தி வட்டமா நிண்டு, கண்ண மூடி, ஆளுக்காள் கைய புடிச்சுக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாங்க. துஆ கேக்கிறாங்க போல எண்டு சரீப்பும் ரெண்டு கையையும் ஏந்தினான். திடீரெண்டு எல்லாரும் துள்ளிக் குதிச்சுக் கூவினாங்க. சரீப் பயந்துபோய்க் கைய எறக்கிட்டு, சாந்து குழைக்க மண்வெட்டிய எடுத்தான். அனுஷன் ஓடி வந்து புடுங்கிட்டான்.

"விடுங்க நானா! பயனாளி வேலை செய்தால் தொண்டர்களின் பங்கேற்பு பாதிக்கப்படும்."

"எண்ட வீடுதானே தம்பி?"

"வீடு உங்களுடையதுதான். அனுபவம் அவர்களுடையது."

மரத்தடியில ஒரு கதிரையப் போட்டு அதுல சரீப்ப இருத்தினாங்க. அவன்ட வேலை சிரிக்கிறது. சரீப் சும்மா இருந்து பழக்கமில்லாத மனுசன். விடியச் சாமம் தோணி தள்ளிப் பழகின கை, மடியில கெடந்து துடிச்சுது. சிரிப்புக் கொஞ்சம் தேஞ்சா அனுஷன் தூரத்துல இருந்து செருமுவான், சரீப் திரும்பவும் பல்லக் காட்டுவான். கமறியாவுக்குத் தெம்பிலி இளநி வெட்டிக் குடுக்கிற வேலை. அவ சிரிக்கமாட்டன் எண்டு முகத்துக்கு முன்னால சொல்லிட்டா. அது உள்ளூர்க் கலாசாரம் எண்டு அனுஷன் தொண்டர்மாருக்கு விளங்கப்படுத்தினான்.

தொண்டர்மாரக் குத்தம் சொல்ல ஏலாது, பாவம், நல்ல மனசுக்காரங்க. கணக்குப் பாக்கிறவங்க, படிப்பிக்கிறவங்க, ஒருத்தி பல்லு டொக்டர். அவ ஒவ்வொரு கல்லுக்கும் இடையில சொத்தப் பல் அடைக்கிற மாதிரி எட்டி எட்டிப் பாத்துச் சாந்து வெச்சா. வெயில்ல எல்லாரும் செம்மீன் கணக்காச் சிவந்து போனாங்க. மேசன் அல்பேட் பாஸ் பின்னாலயே போய், அவங்க காணாத நேரத்துல கல்லத் தட்டித் தட்டி நேராக்கினாரு. பகல் திரும்பிக் காத்துல மரமெல்லாம் ஆடத் தொடங்கினதும் தொண்டர்மார் கரண்டியப் போட்டுட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டாங்க. எப்பிடியோ அந்தக் கிழமை முடியக்குள்ள சுவர் சன்னல் மட்டத்துக்கு வந்திட்டுது. சரீப் மகளுக்குப் போன்ல கோல் எடுத்தான். "சன்னல் மட்டம் வந்தாச்சு மகள். இன்ஷா அல்லாஹ், நீ உடுப்பக் கட்டி வெச்சுக்கோ."

மறுநாள் வந்து பாத்தா அல்பேட் பாஸ் பெரிய சுத்தியலோட சுவருக்கு மேல குந்தியிருக்கிறாரு.

"என்ன பாஸ் செய்யிறீங்க?"

"ஒடைக்கிறன்."

"ஏன்? கோணலா?"

"கோணல்தான். ஆனா அதுக்காக இல்ல, நானா. ஞாயித்துக்கெழமை அடுத்த கோஷ்டி வருது. அவங்களுக்குக் கட்ட ஒண்டும் வேணாமா?"

"அதுக்கு மேல கட்டலாமே!"

"மேல கட்டச் சாரம் கட்டணும். சாரத்துல ஏறி ஒரு வெள்ளக்காரன் விழுந்தா ஆரு பதில் சொல்லுறது? சன்னலுக்கு மேல தொண்டர்மார் கை வெக்கக் கூடாது. அது சட்டம்" எண்டு பாஸ் சொல்லி, மடார் எண்டு ஒரு போடு போட்டாரு. கட்டினாலும் கூலி, ஒடைச்சாலும் கூலி, எனக்கென்ன எண்டும் சொன்னாரு.

சன்னலுக்கு மேல கட்டக்கூடாது எண்டா வீட்டுக்குக் கூரை எப்பிடி வரும் எண்டு சரீப்புக்கு ஒரு கேள்வி வந்திச்சு. படிச்ச ஆக்கள், ஏதோ வழி வெச்சிருப்பாங்க எண்டு தன்னத்தானே சமாதானம் பண்ணிக்கொண்டு கடலுக்குப் போயிட்டான்.

ரெண்டாம் கோஷ்டி வந்து சன்னல் வரைக்கும் கட்டிச்சு, பாஸ் ஒடைச்சாரு. அடுத்ததும் அப்பிடித்தான். ஒவ்வொரு கோஷ்டியும் முதல் கல்ல வெச்சு, அழுது, ஆளையாள் கட்டிப் புடிச்சுப் படம் எடுத்திச்சு. ஒரே வீட்டுக்கு முதல் கல் மட்டும் எத்தின எண்டு கமறியா கணக்கே விட்டுட்டா. ஒடைச்சு ஒடைச்சுக் கல்லெல்லாம் மூளியாப் போச்சு.

"எந்த மட்டத்துல இருக்கு வாப்பா?" எண்டு மபாஸா கேப்பாள்.

"சன்னல் மட்டம் மகள்."

"அத எப்ப தொடங்கிச் சொல்லுறீங்க! இங்க மாமி சாடையாக் கேக்கிறா. தாய் வீடு எண்டு சொல்லிச் சொல்லி வயித்த மட்டும்தான் வளர்க்கிறாளாம் எண்டு. எனக்கு வெக்கமா இருக்கு வாப்பா."

இதக் கேட்டதுக்குப் பொறகுதான் சரீப் அனுஷனத் தேடிப் போனான். தொண்டர்மார் தங்கியிருக்கிற ஹோட்டல்ல, கடலப் பாத்த மேசையில அவன் இருந்தான். மகளுக்கு மாசம் நெருங்குது, கூரை எப்ப வரும் எண்டு சரீப் கேட்டான்.

"கூரை என்பது ஒரு முடிவு, நானா" எண்டு அனுஷன் ஆறுதலாச் சொன்னான். "நாங்கள் முடிவை நோக்கி வேலை செய்வதில்லை. பயணத்தை நோக்கி வேலை செய்கிறோம்."

"பயணமெண்டா நாங்க வாடிக்குப் போன பயணம் போதும் தம்பி. அங்க வலை நாத்தத்துக்குள்ள புள்ளத்தாச்சிய வெக்க ஏலாது."

"உங்கள் வேதனையை நான் மதிக்கிறேன். அடுத்த கோஷ்டிக்கு இதை அப்படியே சொல்லுங்க, நல்லா இருக்கும்."

திரும்பி வாற வழியெல்லாம் சரீப்புக்கு வயிறு எரிஞ்சுது. ஆனா பாருங்க, எரிஞ்ச வயித்துக்குள்ளயும் அந்த மனுசனுக்கு வந்த யோசனை என்ன தெரியுமா? பாவம் இந்தத் தொண்டர்மார் எண்டுதான். எவ்வளவு தூரத்துல இருந்து, காசு செலவழிச்சு, வெயில்ல காஞ்சு வாறாங்க. கட்டக் கட்ட முடியல்ல. அவங்களுக்கும் ஒரு கவலை இருக்கும்தானே? நாங்களே கட்டி முடிச்சு வெச்சிட்டா அவங்க வந்து ஒரு வாய் சாப்பிட்டு, சந்தோசமாப் பட்டம் விட்டுட்டுப் போகலாம். வீட்டுக்கு வாற விருந்தாளிய வேலை வாங்கிற சாதியா நாங்க?

"அப்பிடியே செய்யுங்க" எண்டா கமறியா. புருசன்ட யோசனைய அவ ஏத்துக்கொண்டது கலியாணம் முடிச்சு அதுதான் முதல்முறை.

கோஷ்டி இல்லாத கிழமை பாத்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்ச கையோட சரீப் பள்ளிவாசல் வாசல்ல விசயத்தச் சொன்னான். ஊர்ப் பொடியன்மார் சாரத்த மடிச்சுக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாங்க. அல்பேட் பாஸும் வந்தாரு. ஒடைக்கிறதுக்குக் கூப்பிடாத நாளையில எனக்கு நித்திரை வராது எண்டு சொன்னாரு. இந்த மூளிக் கல்லு பாரம் தாங்காது எண்டு நாலு மூலையிலயும் தென்னங்குத்தி நட்டு, அதுக்கு மேல புதுக் கிடுகால கூரை போட்டாங்க. பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லுறதுக்கு முந்தி சுவரெல்லாம் கூரையத் தொட்டுட்டுது. கமறியா மாட்டிறைச்சி ஆணமும் சோறும் ஆக்கிப் போட்டா. நிறுவனம் வந்த பொறகு அண்டைக்குத்தான் அந்தக் காணியில முதல்முதல் அவ சிரிச்சது.

மறுநாளே மபாஸாவக் கூட்டிக்கொண்டு வந்தாங்க. றஹ்மத் உம்மாவும் கூட வந்து, சுவரத் தட்டிப் பாத்திட்டு, "சரி, இருக்கட்டும்" எண்டு சொல்லி விட்டுட்டுப் போனா. வந்த ரெண்டாம் நாள் நோவு கண்டு புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. சுகப் பிரசவம், பொம்புளப் புள்ள. துண்டுக்குள்ள சுத்தின புள்ளயோட மபாஸா வாப்பாட வீட்டுக்குள்ள காலடி எடுத்து வெச்சாள். சரீப், கமறியாவும் மகளும் பாக்காம அங்கால திரும்பி மூக்கச் சிந்தினான்.

பருவத்தின்ட கடைசிக் கோஷ்டி வந்திச்சு. கொழும்புல இருந்து பணிப்பாளர் நிக்கொலஸ் சேரும் கூட வந்தாரு. பஸ் வந்து நிண்டிச்சு, ஆனா கதவு தொறக்கல்ல. சேரும் அனுஷனும் மட்டும் இறங்கி, வீட்டப் பாத்து அப்பிடியே நிண்டாங்க. சரீப் வெள்ளச் சாரமும் தொப்பியும் போட்டு வாசல்ல நிண்டு, "வாங்க வாங்க, எல்லாம் முடிச்சு வெச்சிட்டம்" எண்டு வரவேத்தான்.

அனுஷன் முகத்துல ரத்தமில்ல. "நானா, என்ன வேல பாத்துட்டீங்க!" எண்டு அவன்ட சொந்தத் தமிழ் வந்திட்டுது.

நிக்கொலஸ் சேர் கைய உயர்த்தி அவன நிப்பாட்டினாரு. "திரு. சரீப், நீங்கள் செய்த காரியம் உங்களுக்கு விளங்குகிறதா? இந்தப் பேருந்தில் இருப்பவர்கள் ஒரு வருட விடுமுறையைச் சேர்த்து வைத்து, இங்கே ஒரு குடும்பம் வீடில்லாமல் தவிக்கிறது என்ற நம்பிக்கையோடு வந்தவர்கள். அந்த நம்பிக்கையில் நீங்கள் மண்ணைப் போட்டுவிட்டீர்கள்."

"அவங்களுக்கு லேசாகட்டும் எண்டுதான் சேர்..."

"லேசு! வறுமை என்பது ஒரு வளம், திரு. சரீப். அதைச் சிக்கனமாக, திட்டமிட்டு, பருவம் முழுவதும் பகிர்ந்து பயன்படுத்த வேண்டும். நீங்கள் ஒரே வெள்ளிக்கிழமையில் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டீர்கள். எங்கள் நிறுவனம் இத்தனை வருடங்களில் ஒரு வீட்டையாவது இப்படிப் பொறுப்பில்லாமல் முடித்ததுண்டா?"

உள்ளுக்கிருந்து கமறியாட குரல் வந்திச்சு. "அப்ப எத்தின வீடுதான் முடிச்சீங்க?"

"நாங்கள் வீடுகளை எண்ணுவதில்லை, அம்மா. மாற்றமடைந்த இதயங்களை எண்ணுகிறோம்" எண்டு சேர் மரியாதையாச் சொன்னாரு.

பொறகு ரெண்டு பேரும் பஸ்ஸுக்குப் பக்கத்துல போய்க் குசுகுசுத்தாங்க. அனுஷன் திரும்பி வந்து, நிலத்தப் பாத்துக்கொண்டு சொன்னான். கல்லு நிறுவனத்தின்ட கல்லாம். அடுத்த பருவத்துக்கு ஹோட்டலுக்குக் கிட்ட இன்னொரு ஏழையப் பாத்து வெச்சிருக்காங்களாம். கல்ல அங்க கொண்டுபோகணுமாம். தொண்டர்மாருக்கும் ஒரு வேலை வேணும்தானே? மறுத்துக் கதைச்சா பொலிஸுல கல்லுத் திருட்டு எண்டு சொல்லவேண்டி வருமாம்.

"உள்ளுக்குப் பச்சப் புள்ள இருக்கு தம்பி."

"தெரியும் நானா. சத்தம் போடாமக் கழட்டச் சொல்லுறன்."

பஸ் கதவு தொறந்திச்சு. சரீப் தன்ட கல்ல இன்னொரு ஏழைக் குடும்பத்துக்கு விட்டுக் குடுக்கிறாரு எண்டு தொண்டர்மாருக்குச் சொல்லியிருந்தாங்க. ஒவ்வொருத்தரா வந்து அவன்ட கையப் புடிச்சுக் குலுக்கினாங்க, ரெண்டு பேருக்குக் கண் கலங்கிச்சு. வட்டமா நிண்டு துள்ளிக் கூவினாங்க. பொறகு சுவர்ல இருந்து லொறி வரைக்கும் வரிசையா நிண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, கையால கைக்குக் கல்ல மாத்தினாங்க. சரீப் ஊர்ப் பொடியன்மாரக் கூப்பிடலாம்தான். ஆனா எல்லாரும் கடல்ல. கூப்பிட்டாலும், கண் கலங்கி நிக்கிற ஆக்கள எப்பிடி அடிக்கிறது?

சுவர் எறங்க எறங்க உள்ளுக்குப் பாயில இருந்த மபாஸா வெளியே தெரிஞ்சாள். முதல் தல, பொறகு தோள், பொறகு மடியில புள்ள. அவள் முக்காட்ட இழுத்து மூடிக்கொண்டு சுவர் மிச்சமிருந்த பக்கம் திரும்பி இருந்தாள். அந்தப் பக்கத்துச் சுவரும் போகத் தொடங்கிச்சு.

அந்த நேரத்துலதான் பேத்தியப் பாக்க சாப்பாட்டுப் பார்சலோட றஹ்மத் உம்மா ஓட்டோவுல வந்து இறங்கினா. பாத்தா. நேரப் போய்ப் புள்ளய வாங்கித் தோள்ல போட்டா, மபாஸாட கையப் புடிச்சு எழுப்பினா.

"மச்சி, நாப்பது கழியட்டும் மச்சி" எண்டு கமறியா கெஞ்சினா. கமறியா கெஞ்சினத அந்த ஊரு அதுக்கு முந்திக் கண்டதில்ல.

"எங்க வெச்சுக் கழிக்கிற, மச்சி? நடுச் சந்தியிலயா?" எண்டு றஹ்மத் உம்மா மெதுவாத்தான் கேட்டா. மபாஸா அழுதுகொண்டு ஓட்டோவுல ஏறினாள். தாயும் புள்ளயும் போறத தொண்டர்மார் பாத்திட்டாங்க. கையில கல் இல்லாதவங்க எல்லாரும் சிரிச்சுக் கையசைச்சு வழியனுப்பினாங்க.

கடைசிக் கல்லும் லொறியில ஏறிட்டுது. நாலு குத்தியும் அதுக்கு மேல ஊர்ப் பொடியன்மார் போட்ட கிடுகும் மட்டும் நிண்டிச்சு. படம் எடுக்கிறவர் கமெராவ சரீப்புக்கு நேர திருப்பினாரு. தொண்டர்மாருக்கு ரெண்டு வார்த்தை சொல்லட்டாம்.

சரீப் தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுக்கொண்டான். "என்ன சொல்ல? ஒங்கட கைய நம்பி எண்ட குடிலப் பிரிச்சன். மகள் வந்தாள், அவள ஒரு கிழமை கூட வெச்சிருக்க ஏலாமப் போச்சு. பேத்திட முகத்த நான் இன்னும் சரியாப் பாக்கல்ல. நீங்க வராம இருந்திருந்தா எனக்கு இந்த நெலமை வந்திருக்காது."

அனுஷன் இங்கிலீசுல திருப்பிச் சொன்னான்: "நீங்கள் வந்திருக்காவிட்டால் என் வாழ்க்கை இப்படி மாறியிருக்காது என்கிறார்."

எல்லாரும் கை தட்டினாங்க. ஒரு வெள்ளக்காரப் புள்ள கண்ணத் தொடைச்சுக்கொண்டு கமறியாக்கிட்ட வந்து ஏதோ கேட்டிச்சு. அடுத்த வருசம் தன்ட தாயையும் கூட்டிக்கொண்டு வந்து உங்களப் பாக்கலாமா எண்டு கேக்கிறா எண்டு அனுஷன் சொன்னான்.

"தாராளமா வரச் சொல்லுங்க தம்பி, வீடு தேடி வாற ஆக்கள வேணாமெண்டு சொல்லுற பழக்கம் எங்களுக்கு இல்ல" எண்டா கமறியா. "ஆனா வரக்குள்ள கல்லக் கொண்டு வரச் சொல்லுங்க. கைய ஊருல வெச்சிட்டு வரச் சொல்லுங்க."

அத மட்டும் அனுஷன் மொழிபெயர்க்கல்ல.